எங்களைக் கேளாமல் வெட்டிய நாடகம்

போன இலையுதிர் காலத்தில், பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்து ஊரில் நான் சனிக்கிழமைகளில் படிப்பிக்கும் தமிழ்ப் பள்ளியில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வார நாட்களில் நான் ஒரு ஜெர்மன் பாலர் பள்ளியில் வேலை செய்கிறேன். அங்கே காப்பி மெஷினை எந்த மூலையில் வைப்பது என்பதற்குக்கூடக் கூட்டம் போடுவார்கள். தலைவியும் கையை உயர்த்திவிட்டுத்தான் பேசுவார். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் அங்கே யாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வேலைக்கு வருவதில்லை.

தமிழ்ப் பள்ளியில் எங்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. என்னோடு சேர்ந்து நான்காம் வகுப்பைப் பார்த்தவள் இங்கேயே வளர்ந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஆண்டு விழாவுக்காகப் பிள்ளைகளைக்கொண்டே ஒரு நாடகம் எழுதவைத்தாள். வீட்டில் தமிழே பேசாத பிள்ளைகள் ரயிலில் வசனம் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

விழாவுக்கு முதல் வாரம் ஒரு தாய் வாசலில் கேட்டார், "உங்கடை நாடகத்தை எடுத்துப்போட்டினமாம். தெரியாதோ ரீச்சர்?"

யாரோ ஒரு பிரமுகரின் பேச்சுக்கு நேரம் வேண்டுமென்று பள்ளி நிர்வாகி வெட்டிவிட்டாராம். ஊருக்கெல்லாம் தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது.

அன்றைய ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து அவரைக் கேட்டேன். "எங்களிட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே அண்ணை?"

"எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் பள்ளிக்கூடம் நடத்தேலாது தங்கச்சி. நீங்கள் படிப்பிக்கிறதைப் பாருங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

கதிரைகளை மேசைமேல் ஏற்றுவது, தரை கூட்டுவது, பெற்றோரிடம் ஏச்சு வாங்குவது எல்லாம் எங்கள் தலையில். முடிவு மட்டும் அவருடையது! கத்திவிட்டேன். மற்ற ஆசிரியர்கள் வாய் திறக்கவில்லை. பிறகு கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொருவராக வந்து, "நீங்கள் சொன்னது சரி அக்கா" என்றார்கள். அவர்கள்மேல் வந்த கோபம் இன்னும் பெரிது.

நாடகம் இல்லையென்று பிள்ளைகளிடம் சொல்லவேண்டிய வேலையும் அதை எழுதவைத்தவளுக்குத்தான் வந்தது. விழா முடிந்ததும் வகுப்பு அலுமாரியின் சாவியை என் கையில் வைத்தாள்.

"எனக்கு இனி ஏலாது அக்கா. இஞ்சை நான் ஆர்?"

சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் நிர்வாகி எங்களைப் பார்த்து, "அந்தப் பிள்ளை ஏன் இப்ப வாறேல்லை?" என்றார். இத்தனை வருடத்தில் அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

சம்பளமில்லாத வேலையில் எங்களுக்கென்று இருந்தது, இந்த வகுப்பு எங்களுடையது என்ற நினைப்பு ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு, ஏன் போனாள் என்று கேட்கிறவரை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.