கிழக்கு பார்த்த அடுப்பு

என் கணவர் எஞ்சினியரிடம் கேட்டது ஒரு கடற்கரை வீடு. நாங்கள் மனை வாங்கியது ராஜபாளையத்தில். மேற்கே மலை இருக்கிறது, கடலுக்கு எங்கே போக? ஆனால் போனில் பார்த்த ஒரு படம் அவர் மண்டையில் ஏறிவிட்டது. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் அலை.

"மலைதான் மேடம் நமக்குக் கடல். இயற்கையோட இசைஞ்ச வீடு" என்றார் எஞ்சினியர்.

நான் கேட்டது ஒரே ஒரு ஜன்னல். ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒழுகுகிற வீடு. ஆனாலும் சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். மேகம் இறங்குவதைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஓடி வத்தலை அள்ளுவேன். அந்த ஜன்னல் இருந்ததால்தான் இத்தனை வருஷம் சலிக்காமல் அடுப்படியில் நின்றேன்.

புது வீட்டில் அது கிடையாது. சமைக்கிறவள் கிழக்கு பார்த்துத்தான் நிற்க வேண்டுமாம், வாஸ்து. கிழக்கே இருப்பது பக்கத்து வீட்டுக்காரரின் பூசாத சுவர்.

"வேலை முடிஞ்சதும் ஹாலுக்கு வந்து பாரேன், யாரு வேண்டாம்னா?" என்றார் கணவர். அடுப்படி வேலை எந்தக் காலத்தில் முடிந்திருக்கிறது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குடிவந்த பிறகுதான் கூத்து. சாயங்கால வெயில் ஹாலின் மேற்குக் கண்ணாடிச் சுவர் வழியாக நேரே வந்து சோபாவைப் பொசுக்கியது. தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கண்ணு பட்டுவிடும் என்று மாமியார் வாசலில் பூசணிக்காய் கட்டினார். அதுவும் போதாமல் கண்ணாடி முழுக்கக் கனத்த திரை போட்டார்கள். என்னிடமிருந்து பிடுங்கிய மலையை அவர்களும் பார்க்கவில்லை. விருந்தாளி வந்தால் மட்டும் திரை விலகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவருடைய நண்பர்கள் வந்தார்கள். திரையை இழுத்துவிட்டு, "இயற்கையோட இசைஞ்ச வீடு" என்று எஞ்சினியர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். பிறகு உள்ளே பார்த்து, "காபி கொண்டா" என்று குரல் கொடுத்தார்.

கொண்டுபோனேன். காபியை இல்லை, கரண்ட் அடுப்பை. டீப்பாயில் இருந்த பேப்பரைத் தள்ளிவிட்டு அதை வைத்தேன். டிவி வயரைப் பிடுங்கி அடுப்பைச் சொருகினேன். பால் பாத்திரத்தை ஏற்றிவிட்டு மலையைப் பார்த்து உட்கார்ந்தேன். உச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உள்ள எடுத்துட்டுப் போ" என்றார். நான் திரும்பவே இல்லை.

மாமியார் பதறி ஓடிவந்தார். "ஏட்டி, மேக்க பாத்து அடுப்பெரிச்சா குடும்பம் வெளங்குமா?"

"கிழக்க பாத்து எரிச்சு நான் வெளங்கிட்டேனா அத்தை?" என்றேன்.

இப்போதும் அடுப்பு ஹாலில்தான் இருக்கிறது. எண்ணெய் தெறிக்கும் என்று சொல்லித் திரையையும் கழற்றிவிட்டேன்.