வதுலு

அலிபிரிப் பக்கத்துப் பெயிண்ட்பால் மைதானத்தில் அன்று என் மகளுக்கு முதல் ஆட்டம். அவள் துப்பாக்கியில் குண்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை நான்தான் சரிசெய்துகொண்டிருந்தேன். வேகமானியில் நொடிக்கு முந்நூற்றுப் பத்து அடி! இருநூற்று எண்பதுக்குள் வராவிட்டால் அவளை இறங்க விடமாட்டார்கள்.

“வதுலு சார், வதுலு!” என்று கத்தினார் மைதானத்துக்காரர். வேகம் குறைய ஸ்க்ரூவைத் தளர்த்தச் சொன்னார். தெலுங்கில் ‘வதுலு’ என்றால் ‘தளர்த்து’; ‘விடு’ என்றும் பொருள். நான் குண்டை விடச் சொல்கிறார் என்று விசையை அழுத்திவிட்டேன். முகமூடியைக் கழற்றியிருந்த மகளின் காதோரம், பாதுகாப்பு வலையில் சாயக் குண்டு சிவப்பாகச் சிதறியது.

“ஸ்க்ரூவ வதுலச் சொன்னா குண்ட வதுல்றியே நைனா!” என்று சிரித்தாள்.

“மொதல்ல மாஸ்க்கப் போடும்மா!”

ஸ்க்ரூவைத் தளர்த்திச் சுட்டேன். இருநூற்று எழுபத்தைந்து! அவள் களத்துக்குள் பாய்ந்தாள். வலைக்கு வெளியே நானும் கத்திக்கொண்டே ஓடினேன்.