விமானப் படத்தில் அம்மாவின் லயம்

இன்று குரூண் ஊரிலிருந்து அப்பா ஓட்டிய காரில் நெடுஞ்சாலை வழியாக வீடு திரும்பும்போது, இணையத்தில் கிடைத்த பழைய படமொன்றை அம்மாவிடம் காட்டினேன். இந்தச் சாலையைப் போடும்போது விமானத்திலிருந்து எடுத்தது. ரப்பர் மரங்களைப் பிளந்துகொண்டு செம்மண் கோடு. அதன் முன்னால் வரிசையாகத் தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகள்.

"ஐயோ, இது எங்க லயம் லா! கடைசி வீடு எங்களோடது. அத இடிச்சிட்டுத்தான் ரோடு போட்டாங்க."

"எந்த இடம்மா?"

"ஏங்க, மெதுவா போங்க. இங்கதான்... இல்ல, அந்தப் பாலம் தாண்டி..."

"ஹைவேல நிறுத்தச் சொல்றியா?" என்றார் அப்பா.

நான் படத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தேன். எங்கும் செம்பனை எண்ணெய் மரங்கள்தான். அம்மா கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

டோல் சாவடியில் அப்பா கார்டை வைத்தார்.

"எங்க வீட்டு மேல போறதுக்கு டோல் வேற!" என்றார் அம்மா.

உங்களில் வேறு யார் வீட்டுச் சமையலறை மேல் இப்படிக் கார் ஓடுகிறது? சொல்லுங்கள்.