எங்கள் வீட்டு ஜீரோ பில்

என் கணவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் கரண்ட் மீட்டரைத் தினமும் காலையில் தரிசிக்காமல் அவருக்கு நாள் தொடங்காது. பெங்களூரு அடுகோடியில் நாங்கள் இருப்பது மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில். எல்லா வீட்டு மீட்டர்களும் மாடிப்படிக்குக் கீழே வரிசையாக இருக்கும். வாயில் பிரஷ்ஷோடு போய் எங்களுடையதைப் பார்ப்பார். பார்த்த கையோடு மேல்வீட்டுக்காரருடையதையும் பார்த்துவிட்டு வந்து, "பேய் மாதிரி ஓடுது, என்னதான் பண்றாங்களோ" என்று வயிறெரிவார்.

வயிற்றெரிச்சலுக்கு நியாயமான காரணம் இருந்தது. கர்நாடகத்தில் வீடுகளுக்கு இலவச மின்சாரம் வந்தபோது, அதுவரை ஒவ்வொரு வீடும் சராசரியாக எவ்வளவு செலவழித்ததோ அதற்குக் கொஞ்சம் மேலே எல்லை வைத்தார்கள். அதற்குள் இருந்தால் பில் ஜீரோ. தாண்டினால் தாண்டியதற்குக் காசு. இந்த மனுஷனோ இலவசம் வருவதற்கு வெகு முன்பே லைட்டை அணைத்துக்கொண்டு திரிந்தவர். ஆகவே எங்களுக்குக் கைக்குட்டை அளவு கிடைத்தது. கீசரைப் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புகிற மேல்வீட்டுக்காரருக்குப் பெட்ஷீட் அளவு. "ஒழுங்கா இருந்தவனுக்குத்தான்யா தண்டனை" என்று பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பினார். பிறகு வீம்பு வந்துவிட்டது. அந்தக் கைக்குட்டைக்குள்ளேயே மாதாமாதம் ஜீரோ காட்டுவது என்று முடிவு செய்தார்.

சும்மா சொல்லக் கூடாது, அவர் சொன்னவை எல்லாம் உருப்படியான யோசனைகள்தான். அரிசியும் பருப்பும் ஊறிய பிறகுதான் இண்டக்‌ஷன் அடுப்பில் ஏறும். இஸ்திரி வாரத்துக்கு ஒரு முறை, மொத்தமாக. டிவியை ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவிட்சிலும் அணைக்க வேண்டும். வாஷிங் மெஷின் வாய் வரை நிரம்பாமல் ஓடாது. ஃபிரிட்ஜின் முதுகுக்குக் காற்று வேண்டும் என்று அதைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். அறையை விட்டு நான் காலை வெளியே வைப்பதற்குள் "லைட்டு!" என்று ஒரு கத்தல், அடுத்து "ஃபேனு!" என்று இன்னொரு கத்தல். "உங்க வாயையும் சுவிட்சுல ஆஃப் பண்ணுங்க, இன்னும் மிச்சமாகும்" என்று நானும் கத்துவேன்.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் என் அப்பா வந்து சேர்ந்தார். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகும் கம்பெனி கொடுத்த அதே லைன் வீட்டில் அம்மாவோடு இருந்தார், அம்மா போன பிறகு தனியாக. ஒரு நாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியவே சாயங்காலம் ஆகிவிட்டது. இனி அவரை அங்கே தனியாக விடுவதில்லை என்று நான் போய் இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு ரெக்சின் பையோடு வந்தார். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பீரோவில் ஒரு தட்டு காலி செய்து கொடுத்தும், சட்டையை அந்தப் பையிலிருந்து எடுப்பதும் துவைத்ததை அதிலேயே திணிப்பதுமாக இருந்தார். "மாப்பிள்ளை வூடும்மா. கொஞ்ச நாள் இருந்து பாக்கறேன். காலைல ட்ரெயினு இருக்கவே இருக்குது." பெண் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதைப் போல ஒரு அவமானம் அவர் தலைமுறைக்குக் கிடையாது. வீடு கூட்டும்போதெல்லாம் துடைப்பத்தால் அந்தப் பையை ஒரு இடி இடிப்பேன்.

என் கணவர் அப்பாவிடம் தேனாக ஒழுகினார். "இருக்கட்டும் மாமா, பரவாயில்ல மாமா." கத்தல் முழுவதும் எனக்குத்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு மர்மம் ஆரம்பித்தது. காலையில் வாங்கி வைத்த தோசை மாவு சாயங்காலமே பொங்கிப் புளித்தது. தயிர் வாயில் வைக்க விளங்கவில்லை. கடைக்காரரிடம் போய் நான் சண்டை போட்டேன். அவர் கன்னடத்தில் திருப்பிக் கொடுத்தார். இன்னொரு பக்கம் மீட்டர் முன்னெப்போதையும் விட மெதுவாக ஓடியது. "பாத்தியா, ஒரு சாண் தள்ளி வெச்சேன்ல!" என்று என் கணவர் மார்தட்டினார். மேல்வீட்டுக்காரரை மாடிப்படியில் நிறுத்தி வைத்து ஃபிரிட்ஜின் முதுகைப் பற்றி வகுப்பெடுத்தார்.

ஒரு நாள் திடீர் பந்த். நான் வேலை பார்க்கிற பள்ளி அலுவலகத்தில் எங்களை மதியத்துக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே கும்மிருட்டு. பக்கத்துக் கட்டடம் எங்கள் ஜன்னலை உரசிக்கொண்டு நிற்பதால், பகலிலும் லைட் போடாவிட்டால் எதிரில் இருப்பது யார் என்று தெரியாது. கட்டிலில் அப்பா மங்கி குல்லாவோடு உட்கார்ந்திருந்தார். மடியில் பேப்பர் மடித்தபடியே இருந்தது. ஃபிரிட்ஜில் சத்தமே இல்லை. அதன் காலடியில் தேங்கிய தண்ணீரில் என் பழைய நைட்டி ஒன்று ஊறிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, கரண்ட் போச்சா?"

"இல்லம்மா. பகல்ல யாரு ஃபிரிட்ஜைத் தொறக்கறாங்க? நீங்க போனதும் ஆஃப் பண்ணிடுவேன். வர்றதுக்கு முன்னாடி போட்ருவேன்."

"லைட்டு?"

"இருட்டு எனக்கு இன்னா புதுசா? மாப்பிள்ளைக்கு ஜீரோ வரணுமில்ல. இந்தாளு வந்ததால தாண்டிச்சுன்னு ஆயிடக் கூடாதும்மா."

"எந்தத் தண்ணியில குளிக்கற?"

அப்பா குல்லாவை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. பூமிக்கு அடியில் இருட்டில் கிடந்து என்னை ஆளாக்கின மனுஷன், என் வீட்டுக்கு வந்தும் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். எல்லா சுவிட்சையும் படபடவென்று போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "அப்ப ஒரு சாண் தள்ளி வெச்சதுனால இல்லியா?" என்றுதான் முதலில் கேட்டார் அந்த மகானுபாவர். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் தட்டில் இருந்த புளித்த தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. எழுந்து போய், "மாமா, எதை வேணும்னாலும் போட்டுக்கங்க மாமா. பில் வந்தா வரட்டும்" என்றார். "சரிங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா. சொல்லிவிட்டுப் பையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு வீடு கூத்தாகிவிட்டது. இவர் லைட்டைப் போட்டுவிட்டுப் போவார், அப்பா பின்னாலேயே போய் அணைப்பார். இரண்டு பேரும் மாற்றி மாற்றி மரியாதை செய்து என் உயிரை எடுத்தார்கள். கடைசியில் அப்பா என்னிடம் வந்து, "உன்னை அந்தக் கத்து கத்தறாரு. என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறாரு. வந்துபோற ஆளை யாரும்மா திட்டுவாங்க? நாளைக்குக் கெளம்பறேன்" என்றார்.

மறுநாள் காலை டிசம்பர் குளிர். கிளம்புவதென்றாலும் வெந்நீரில் குளித்துவிட்டுக் கிளம்பு என்று அப்பாவை பாத்ரூமுக்குள் தள்ளினேன். குளித்துவிட்டு நேரே கட்டிலுக்குப் போய்ப் பையைத் திறந்தார். மீட்டர் தரிசனம் முடித்து, வாய் நிறைய நுரையோடு உள்ளே வந்த என் கணவர் கண்ணில் கீசரின் சிவப்பு விளக்கு பட்டது. அவ்வளவுதான், எல்லாம் மறந்துபோயிற்று.

"யோவ் மாமா! கீசரை ஆஃப் பண்ணாம போய் உக்காந்துட்டீங்களே, அறிவு வேணாம்?"

நுரை சட்டையெல்லாம் தெறித்தது. சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அப்பா கையில் பிடித்த சட்டையோடு அப்படியே நின்றார். போச்சு, ஏழு ஜென்மத்துக்கும் இனி இந்த வாசற்படி மிதிக்க மாட்டார் என்று நினைத்தேன்.

"இன்னாய்யா கத்தற?" என்று அப்பா திருப்பிக் கத்தினார். "அடுத்து நீ குளிக்கப் போறியேன்னுதான் வுட்டு வெச்சேன்! ஊரே வேலைக்குக் கெளம்பிடுச்சு, நீ இன்னும் மீட்டரைக் கட்டிப் புடிச்சிக்கினு நிக்கற. போய்க் குளிய்யா!"

என் கணவர் வாயைத் துடைத்துக்கொண்டு குளிக்கப் போனார். நான் சமையலறையில் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அப்பா ரயிலுக்குப் போகவில்லை.

அதிலிருந்து தினமும் இரண்டு பேருக்கும் சண்டைதான். அந்த மாதம் மீட்டர் பார்க்க வந்தவர் கிழித்துக் கொடுத்த சீட்டை அப்பாதான் வாங்கி வைத்திருந்தார். நாங்கள் வேலையிலிருந்து திரும்பியபோது, டியூப்லைட்டுக்கு அடியில் ஃபேன் ஓட உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வூட்டுக்கு பில்லு வந்திருக்குது பாரு" என்று என் கணவரிடம் நீட்டினார். "ஜீரோ இல்ல. எல்லாம் நீ போனு எடுத்தப்புறமும் சொருகியே வெக்கற சார்ஜராலதான்."

சார்ஜர் எவ்வளவு குடிக்கும் என்று கணக்குச் சொல்ல வாயெடுத்த என் கணவர், என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அப்பா அவரையே முறைத்துக்கொண்டு எழுந்தார். வெங்காயம் தீர்ந்துவிட்டதாம். கட்டிலுக்கு அடியிலிருந்து ரெக்சின் பையை இழுத்து, உள்ளே இருந்த சட்டைகளைப் பீரோத் தட்டில் கொட்டிவிட்டு, காலிப் பையோடு மார்க்கெட்டுக்குப் போனார். லைட்டையும் அணைக்கவில்லை, ஃபேனையும் அணைக்கவில்லை.