காலி இடத்தில் போட்ட உப்பு

ஷூ கம்பெனி மிஷினில் சிக்கிய என் வீட்டுக்காரரின் கை பிழைத்தால், தேர்மேல் உப்பும் மிளகும் போடுகிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். கை பிழைத்தது. ஆனால் போன வருடம் நாத்தனார் வீட்டு மாடியிலிருந்து நான் வீசிய உப்பு, தேரில் விழாமல் பின்னால் ரோட்டில் சிதறிவிட்டது. அம்மன் ஏற்றுக்கொள்ளவில்லையோ என்று வருடம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் அதே மாடிக்கு, பிளஸ் ஒன் படிக்கும் மகளும் கூட வந்தாள். கீழே ஆட்கள் வடத்தை ஒரே மூச்சாக இழுத்ததில் தேர் வேகமாக வந்தது. அம்மன் முகத்தைப் பார்த்துக் கையை ஓங்கினேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, சாமியப் பாத்துப் போடாத. தேருக்கு முன்னாடி காலியா இருக்கு பாரு, அங்க போடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாடி பேசுற? சாமி இல்லாத எடத்துல போடவா வந்தேன்?"

"எறிபொருள் கணக்கும்மா. உப்பு போய்ச் சேர்றதுக்குள்ள தேர் நகந்துடும். போன வருஷம் அதான் பின்னால வுழுந்துச்சு. சீக்கிரம் போடும்மா!"

மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெறும் இடத்தில் வீசினேன். உப்பு மேலே எழும்பி, வளைந்து இறங்கியது. அதற்குள் தேர் அங்கே வந்துவிட்டது. அம்மன் காலடியிலேயே விழுந்தது.

கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"ஃபிசிக்ஸ் இன்னாத்துக்குன்னு கேட்டியே!" என்று மகள் சிரித்தாள்.

இப்போதும் விளக்கேற்றிக் கும்பிடும்போது, கேட்டது இன்னும் கிடைக்கவில்லையே என்று சில நாள் மனசு தவிக்கும். அப்போது அந்தக் காலி இடம்தான் நினைவுக்கு வரும். நான் உப்பை வீசிய நேரத்தில் அம்மன் அங்கே இல்லை, வந்துகொண்டிருந்தாள்.