வியாழக்கிழமையைத் தாண்டிய கார்

கியூஆர் கோட் காட்டினால்தான் பெற்றோல், அதுவும் வாரத்துக்கு இவ்வளவுதான் என்றிருந்த காலம். எங்கள் கிழட்டு மொரிஸ் மைனருக்கு அது ஒரு வாய் தேத்தண்ணி மாதிரி. திங்கட்கிழமை நிரப்பினால் வியாழக்கிழமை கலஹா ரோட்டில் இருமிக்கொண்டு நின்றுவிடும். கலஹாவில் அப்பா தோட்ட ஆபீஸ் கிளாக்கர், அம்மா டீச்சர். அம்மாவின் பள்ளிக்கூடத்தில்தான் நானும் படித்தேன். மூன்று பேருக்கும் தினமும் கண்டியிலிருந்து அந்தக் கார்தான்.

அப்பா செய்யாத வைத்தியமில்லை. டயருக்குக் காற்றடித்தார், பிளக்கைத் துடைத்தார், ஆமை வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்தே களைத்தார்கள். கடைசியில், "இந்த வாரமும் வியாழக்கிழமை நின்னுச்சுன்னா வத்தேகமக்காரருக்கே குடுத்துருவோம்" என்றார். வத்தேகம ஊரிலிருந்து காரை விலைக்குக் கேட்டு, ஏற்கெனவே இரண்டு முறை வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனவர் அவர். அந்தக் காரை நான் அவ்வளவு நேசித்தேன்.

புதன்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். முன் சீட் எனக்குக் கிடைத்தது. அன்று கார் மேட்டில் ஜோராக ஏறியது, கறுப்புப் புகையே இல்லை. அப்பா தன் ஆமை வேகத்தைத் தானே மெச்சிக்கொண்டார். நான் எதிரே இருந்த கறுப்புக் குமிழையே பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மாவின் கைப்பை தொங்குகிற இடம் அது. அம்மா பையை எடுக்கும்போதெல்லாம் குமிழ் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அன்று உள்ளேயே இருந்தது.

மறுநாள் அம்மா வந்தார். அப்பா வழக்கம்போல் பையை வாங்கிக் குமிழில் மாட்டினார். கீழே வைத்தால் தரையிலிருந்த ஓட்டை வழியாகச் சேறு தெறிக்கும். இரண்டு பேரும் சண்டை போட்டுப் பேசாத நாளில்கூட இந்த வேலை மட்டும் நிற்காது. பேராதனை தாண்டியதும் புகை.

"அப்பா, பை தொங்குனா அந்தக் குமிழ் வெளிய வருது! அப்பதான் புகையுது!" என்று கத்தினேன்.

அப்பா ஓரமாக நிறுத்திப் பையைத் தூக்கிப் பார்த்தார். அது சோக். குளிரில் எஞ்சினைக் கிளப்ப மட்டும் இழுப்பது. இழுத்தபடியே விட்டால் பெற்றோலைக் குடித்துத் தீர்க்கும். சோற்றுப் பெட்டியும் திருத்த வேண்டிய கொப்பிகளும் கனத்த அந்தப் பை, தினமும் அதை இழுத்துப் பிடித்திருக்கிறது.

"ஐயோ, இத்தன நாளா நானாங்க?" என்று அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மாட்டுனது நாந்தானே" என்றார் அப்பா.

வியாழன் தாண்டியது. வெள்ளியும் தாண்டியது. சனிக்கிழமை, பெற்றோல் செட் வரிசையில் நின்றவர்களுக்குக் கையசைத்துக்கொண்டே டவுனுக்குப் போனோம். வத்தேகமக்காரரிடம் கார் விற்பனைக்கில்லை என்று சொல்ல, அப்பா போனை என்னிடமே கொடுத்தார். ராணி மாதிரிப் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சோக்குக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் கொக்கியை முடுக்கினார். மறுநாள் அம்மாவின் மடியிலிருந்து பையை எடுத்து அதில் மாட்டிவிட்டுத்தான் காரைக் கிளப்பினார்.

"மடியிலயே வச்சுக்கலாமே, எதுக்கு கொக்கி?" என்று கேட்டேன்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் என் வெற்றிக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.