பேரம் பேசாமல் வாங்கிய பெட்டி

எனக்குத் தெரிந்து எங்கள் அம்மா பேரம் பேசாமல் வாங்கிய பொருள் ஒன்றே ஒன்றுதான். மூடி போட்ட ஒரு பனையோலைப் பெட்டி. கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கே கடைக்காரரை அழவைக்கிறவள் அவள்.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. பழவேற்காட்டு ஏரியில் இருக்கும் ஒரு தீவுக்கு ஓலைச்சாமான் வாங்கப் போகிறோம் என்றார்கள். பெட்டி வாங்க அப்பா கம்பெனிக்கு லீவு போடுவானேன், சித்தப்பா புதுச்சட்டை மாட்டுவானேன் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. எனக்கு ஓர் ஓலைக் கிலுகிலுப்பை வேண்டும், அவ்வளவுதான்.

போனது சித்தப்பாவுக்குப் பெண் பார்க்க. நேராகப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாமென்று திரும்பினால் பெண்ணுக்குத்தான் பேர் கெடும். அதனால் கோயிலுக்குப் போகிற மாதிரியோ சாமான் வாங்குகிற மாதிரியோ போவார்கள். பிடித்திருந்தால் அந்த வீட்டில் கை நனைப்பார்கள், அதாவது உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிடிக்கவில்லையென்றால் சாமானுக்குக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்கள். எனக்கு மட்டும் நிஜமாகவே தெரியாது. “அங்க இன்னா குட்த்தாலும் துன்னக்கூடாது, வயிறு கெட்டுப்பூடும்” என்றுதான் அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள்.

படகு கரையை விட்டதுமே அப்பாவின் முகம் மாறிவிட்டது. தண்ணீர் என்றால் அவருக்குப் பயம். அதை ஒத்துக்கொள்ள மாட்டார். “நல்லது கெட்டதுக்கெல்லாம் இத்துல ஏறிக்கினா வர்றது? ஒரு அவசரம்னா இன்னா பண்ணுவ?” என்றார். சித்தப்பா புதுச்சட்டையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். அண்ணன் பேச்சை மீறி அவருக்குப் பழக்கமில்லை. பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே ஏரியில் வைத்துப் பாதி முடிவு ஆகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

தீவில் நாங்கள் போன வீட்டுக்காரர்கள் அப்பாவுக்கு ஏதோ தூரத்துச் சொந்தம். அந்த வீட்டு அக்கா பாய் விரித்து, தான் பின்னிய கூடை, விசிறி, பெட்டி எல்லாவற்றையும் பரப்பி வைத்தாள். சித்தப்பா ஒரு பெட்டியை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கம்பெனியில் நாளெல்லாம் டப்பாவுக்கு மூடி போடுகிற மனுஷர்.

“எப்டி இவ்ளோ கரெக்டா ஒக்காருது?”

“மூடிய ஒரு நூலு பெருசா பின்னணும். ஒரே அளவா இருந்தா ஒக்காராது” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் பேசியது அவ்வளவுதான்.

“ஒரு வாய் சாப்ட்டு போங்க” என்றார் அவள் அப்பா. “இப்பதான் வழில நாஷ்டா ஆச்சு” என்றார் எங்கள் அப்பா. பச்சைப் பொய். காலையிலிருந்து எனக்கு வயிற்றைக் கிள்ளிக்கொண்டிருந்தது. கிலுகிலுப்பை தேடுகிற சாக்கில் நான் வீட்டுக்குள் போனேன். அந்த அக்கா பின்னாலேயே வந்தாள். “பசிக்குதா பாப்பா?” என்றாள். மானம் மரியாதை பார்க்கிற வயசா அது? மடவை மீன் குழம்பை ஊற்றி, முள் எடுத்து எடுத்து வைத்தாள். அம்மா சொன்னது எனக்கு ஞாபகமே வரவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

குழம்புக் கையோடு வெளியே வந்த என்னைப் பார்த்ததும் அவள் அப்பாவுக்கு முகமெல்லாம் பல். “அட, கொயந்த கை நனைச்சிடுச்சே!” என்றார்.

சித்தப்பா நிமிர்ந்து எங்கள் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஏரியைப் பார்த்தார். அம்மா சட்டென்று, “கொயந்ததானே, பசி தாங்காது” என்று சொல்லிவிட்டுப் பர்ஸைத் திறந்தாள். “பொட்டி எவ்ளோமா?”

வாசற்படியில் நின்றிருந்த அக்கா விலையைச் சொன்னாள். சித்தப்பாவின் கையிலிருந்த பெட்டியை வாங்கி, துப்பட்டாவால் துடைத்து, ஒரு கிலுகிலுப்பையை உள்ளே போட்டு மூடி என்னிடம் கொடுத்தாள். கேட்ட காசை அம்மா அப்படியே கொடுத்தாள். அவள் அப்பா எங்களை வழியனுப்பப் படகுவரை வரவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அப்படிச் சிரித்தவர் ஏன் திடீரென்று இப்படி ஆனார் என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.

படகு நகர்ந்ததும் அம்மா என் வலது கையைப் பிடித்து ஏரித்தண்ணீரில் முக்கித் தேய்த்தாள். விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்தாள். வலித்தது. மீன் வாடை போவதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிரே உட்கார்ந்திருந்த சித்தப்பா, “வுடுங்க அண்ணி. சாப்ட்டது சாப்ட்டதுதான்” என்றார்.

அம்மா கையை விட்டுவிட்டாள். நான் அடிவாங்காமல் இருக்கத்தான் சித்தப்பா எனக்காகப் பேசுகிறார் என்று சந்தோஷமாக எழுந்துபோய், பெட்டியோடு அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு கிலுகிலுப்பையை ஆட்டினேன்.